அப்பத்தா காவல்காரி இல்லீங்க



பள்ளிக்கூட லீவு வரப்போகுது. எங்க ஊர்ல காசி வேன் பேச்சு மறுபடியும் கிளம்பிடுச்சு. டீக்கடை, பால் சொசைட்டி, ரேஷன் கடை வரிசைன்னு எங்க போய் நின்னாலும், "ஏனுங்க, வேன்ல இன்னும் நாலு சீட்டுதான் இருக்குது, பேரு எழுதிக்கட்டுங்களா?"ன்னு கேக்கறாங்க. 15 நாள் பயணம். சேலம், கிருஷ்ணகிரி, பெங்களூரு, ஐதராபாத், நாக்பூர், ஜபல்பூர் வழியா காசி. போக மட்டும் ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல.

முதல்லயே சொல்லிடறேன், நான் பயணத்துக்கு எதிரி இல்ல. காடே கதின்னு கிடக்கிற நம்மள மாதிரி ஆளுங்க நாலு ஊரு பார்க்கணும், நாலு ஆத்துல முழுகணும். அதுல எனக்கு ரெண்டாவது பேச்சே கிடையாது. என் சண்டை எல்லாம் நாம போற விதத்தோடதான். வேனைத் தயார் பண்றதுல காட்டற அக்கறையில கால்வாசி கூட வீட்டைத் தயார் பண்றதுல நாம காட்டறதில்ல. அந்தப் பாரத்தை அப்படியே மூணு பேர் தலையில எறக்கிட்டுப் போயிடறோம். ஒண்ணு வீட்டுல இருக்கிற கிழவி. ரெண்டு பக்கத்துத் தோட்டத்துக்காரன். மூணு கட்டுத்தறியில நிக்கிற மாடு. வாயத் தொறந்து முடியாதுன்னு சொல்ல முடியாத மூணு பேரு.

வேன் கூட்டம்னு ஒண்ணு போடுவாங்க. நானும் ஓரமா உட்கார்ந்து கேட்டிருக்கேன். ஸ்பீக்கர் எத்தனை வாட்ஸ், உள்ள கலர் லைட்டு இருக்குதா, சீட்டு பின்னாடி சாயுமா, டிவியில என்ன படம் போடறது, முறுக்கு எத்தனை கிலோ, அதிரசம் யாரு சுடறது, எல்லாரும் ஒரே கலர்ல துண்டு எடுக்கலாமா. இதெல்லாம் ரெண்டு மணி நேரம் நடக்கும். "உங்க வீட்டுல மாடு யாரு கறப்பாங்க, கிழவிகூட ராத்திரி யாரு படுப்பாங்க?"ன்னு ஒருத்தர் கேட்டதை இன்னிக்கு வரைக்கும் நான் பார்க்கல.

முதல்ல கிழவியைப் பத்திப் பேசலாம். கோவப்படறவங்க கோவப்படுங்க.

நம்ம கொங்குப் பக்கம் வீடுங்க ஊருக்குள்ள நெருக்கமா இருக்கிறது பாதி, தோட்டத்துக்குள்ள தனியா இருக்கிறது பாதி. தோட்டத்து வீட்டுல கத்தினா அடுத்த வீட்டுக்குக் கேக்காது. நடுவுல தென்னந்தோப்பு, மஞ்சக்காடு, வாய்க்கா. அப்படி ஒரு வீட்டுல 75 வயசு, 80 வயசு அப்பத்தாவையோ அப்பாருவையோ ஒத்தையில விட்டுட்டு, மகன், மருமக, பேரன், பேத்தி எல்லாரும் வேன் ஏறிடறாங்க. கேட்டா, "வீட்டைப் பூட்டிட்டுப் போக வேண்டாம்னுதான் அப்பத்தாவை விட்டுட்டுப் போறோம்"னு சொல்றாங்க. அதாவது பூட்டுக்குப் பதிலா கிழவி.

2024 நவம்பர் மாசம் பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டன்பாளையத்துல ஒரு தோட்டத்து வீட்டுல அப்பா, அம்மா, மகன்னு மூணு பேரைக் கொன்னு போட்டாங்க. 2025ல சிவகிரி பக்கம் தோட்டத்து வீட்டுல தனியா இருந்த வயசான புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் கொலை. இது யாருக்கும் தெரியாத சேதி இல்ல. அப்ப ஒரு மாசம் நாம எல்லாரும் தூங்கல. ராத்திரி நாய் குரைச்சா டார்ச் லைட்டைத் தூக்கிட்டு வெளிய ஓடினோம். கேமரா வாங்கறேன்னு டவுனுக்குப் போனோம். அந்தக் குடும்பங்க சுற்றுலா போனதால அது நடந்ததுன்னு நான் சொல்ல வரல. தோட்டத்து வீடு, வயசான ஆளு, கூப்பிட்டா வர்ற தூரத்துல யாரும் இல்ல. இந்த மூணும் சேர்ந்தா எவ்வளவு ஆபத்துன்னு நமக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சும், அதே மூணையும் நாமளே ஏற்பாடு பண்ணி வெச்சுட்டு 15 நாள் வேன்ல பாட்டுப் போட்டுட்டுப் போறோம்.

கள்ளனை விடுங்க. 80 வயசுக்காரங்களுக்குக் கள்ளன் மட்டுமா எதிரி? பாத்ரூம்ல கால் வழுக்கினா? சர்க்கரை கொறைஞ்சு மயக்கம் வந்தா? பிரஷர் மாத்திரையை மாத்திப் போட்டுட்டா? சித்திரை வெயில்ல தண்ணி குடிக்க மறந்து சுருண்டு விழுந்தா? மகன் ஜபல்பூர்ல இருப்பான். டவர் கிடைச்சாத்தான் அவனுக்குச் சேதியே போகும்.

இதைச் சொன்னா வர்ற பதில் எனக்கு மனப்பாடம். "அப்பத்தாதானுங்க வரமாட்டேங்குது. கால் வலி, வெயில் ஆகாதுங்குது."

ஏனுங்க, மே மாசத்துல நாக்பூர் வெயில் 45 டிகிரியைத் தாண்டும். அந்த வெயில்ல எந்த அப்பத்தா வரும்? குழந்தைங்க லீவைப் பார்த்துத் தேதி குறிச்சுட்டு, வேன்ல ஏற முடியாத உசரத்துல படி வெச்சுட்டு, நாளைக்கு 14 மணி நேரம் ஓட்டற மாதிரி திட்டம் போட்டுட்டு, அப்புறம் "வரமாட்டேங்குது"ன்னா அதுக்குப் பேரு என்ன? வர முடியாத மாதிரி பண்ணிட்டு வரலைன்னு சொல்றது. ஐப்பசி கடைசியில, கார்த்திகையில போனா வெயில் கொறைவு. ஒரு நாளைக்கு 400 கிலோமீட்டரோட நிறுத்தினா வயசானவங்க கால் வீங்காது. அவங்களை மனசுல வெச்சுத் திட்டம் போட்டோமா? இல்லியே.

காசிங்கறது யாரோட ஆசை? நம்ம வழக்கத்துல, புள்ளைகளைக் கரையேத்தி, கடமையெல்லாம் முடிச்சு, வயசான காலத்துல போறது அது. ராமேஸ்வரத்து மணலை எடுத்துட்டுப் போய் அங்க கரைச்சு, கங்கைத் தண்ணியைக் கொண்டாந்து ராமேஸ்வரத்துல அபிஷேகம் பண்றதை வாழ்நாள் வேண்டுதலா வெச்சிருந்தவங்க அந்தக் காலத்து ஆளுங்க. பத்துப் பதினஞ்சு வருஷமா, "ஒரு தடவ காசியப் பார்த்துட்டாப் போதும் சாமி"ன்னு சொல்லிட்டு இருந்த ஆளையே காவலுக்கு வெச்சுட்டு, 22 வயசுப் பேரன் அங்க போய் படகுல செல்ஃபி எடுக்கறான். அவன் எடுக்கட்டும், தப்பில்ல. ஆனா அந்தப் படத்தைப் பார்க்கக் கூட அப்பத்தாகிட்ட போன் கிடையாது.

அடுத்தது பக்கத்துத் தோட்டத்துக்காரன்.

கெளம்பற அன்னிக்கு ராத்திரி எட்டு மணிக்கு வருவாங்க. "மாப்ள, மாட்டை மட்டும் ஒரு கண்ணு பார்த்துக்க. வேற ஒரு வேலையும் இல்ல." இந்த "மட்டும்"ங்கிற சொல்லைப் பத்தி ஒரு புஸ்தகமே எழுதலாம்.

கறவை மாடு ஒண்ணுன்னா காலையில அஞ்சு மணிக்கு ஒரு கறவை, சாயங்காலம் ஒரு கறவை. மூணு வேளை தண்ணி காட்டணும். கோடைக்குக் கறவை மாடு ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேலேயே குடிக்கும். சாணி அள்ளணும், தீவனம் வெட்டணும், தட்டுப் போடணும், பாலை சொசைட்டிக்குக் கொண்டு போகணும். அவனுக்கு அவன் மாடு இருக்குது, அவன் காடு இருக்குது. இது எல்லாத்துக்கும் மேல இது "மட்டும்".

மாடு என்ன மோட்டாரா, சுச்சைப் போட்டா பால் வர? புதுக் கையி பட்டா பாலை இழுத்துக்கும். முழுசா கறக்காம மடியில பால் தங்கினா மடிநோய் வரும். காம்பு கல்லாயிடும். வைத்தியம் பார்த்து மாடு பொழைச்சாலும் அந்தக் காம்பு சில சமயம் போனது போனதுதான். தீவனத்தைத் திடீர்னு மாத்தினா வயிறு உப்பிக்கும். இன்னொண்ணு இருக்குது, இதை எல்லாரும் கவனமாக் கேளுங்க. கோடையில தண்ணியில்லாம வாடி நிக்கிற இளஞ்சோளம், அறுத்த கட்டையில தளிர்க்கிற மறுதாம்பு, இதுல விசம் இருக்கும். பூ எடுக்காத சோளத்தை மாடு பசியோட மேய்ஞ்சா வாயில நுரை தள்ளி கண்ணு முன்னாடியே விழுந்துடும். வைத்தியர் வர்ற வரைக்கும் கூடத் தாங்காது. சொந்தக்காரனுக்கு எந்தக் காட்டுல சோளம் எந்தப் பருவத்துல நிக்குதுன்னு தெரியும். அவசரத்துக்கு வந்து அவுத்து விடற ஆளுக்கு எப்படித் தெரியும்? சொல்லிட்டுப் போனீங்களா?

மாட்டுக்கு ஏதாவது ஆச்சுன்னா அப்புறம் வர்றது பெரிய கொடுமை. "அவன்கிட்ட விட்டுட்டுப் போனேன், கொன்னுட்டான்." மூணு தலைமுறையா ஒரே வாய்க்காத் தண்ணியில மடை மாத்திக்கிட்ட ரெண்டு குடும்பம் அதோட பேச்சு வார்த்தை இல்ல. கல்யாணம் காட்சிக்குக் கூடப் பத்திரிகை கிடையாது. எங்க சுத்துப்பட்டுல இப்படி முறிஞ்ச உறவு ஒண்ணு ரெண்டு இல்ல.

சரி, ஒண்ணும் ஆகல, 15 நாளும் நல்லபடியா பார்த்துக்கிட்டான்னு வைங்க. திரும்பி வந்து அவனுக்குக் குடுக்கறது என்ன? ஒரு காசிக் கயிறு. ரெண்டு விரல் அளவு சொம்புல கங்கைத் தண்ணி. 30 கறவைக்கு ஒரு கருப்புக் கயிறு! இதுல பால் பணம் யாருக்குப் போகுதுன்னு பார்த்தீங்களா? சொசைட்டி அட்டை உங்க பேர்ல, கணக்கு உங்க பேங்குல. மாடு கறந்தவனுக்குச் சாணி நாத்தம், உங்களுக்குப் பால் காசு. கூலிக்கு ஆள் வெச்சா இந்த ரெண்டு வேளைக்கு என்ன கேப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொந்தத்தைக் கூப்பிடறீங்க. சொந்தம்னா கூலி கேக்க மாட்டான் பாருங்க.

"ஊருன்னா ஒருத்தருக்கொருத்தர் ஒத்தாசைதானே, இதுக்கெல்லாம் கணக்குப் பார்ப்பாங்களா?"ன்னு கேப்பீங்க. ஒத்தாசைன்னா ரெண்டு பக்கமும் இருக்கணும். நீங்க மூணு வருஷமா வேன்ல போறீங்க. உங்க மாட்டைக் கறந்தவன் ஒரு தடவையாவது போனானா? அவன் போக, நீங்க அவன் மாட்டைக் கறந்தீங்களா? அவன் பொண்டாட்டி பழனி தாண்டிப் போனதில்ல. "மாடு கட்டியிருக்கு, எங்க போறது"ன்னு சொல்லியே அந்தப் பொம்பளைக்கு 48 வயசாச்சு. ஒரு பக்கம் மட்டும் ஓடற ஒத்தாசைக்குப் பேரு வேற.

பொம்பளைங்கன்னு சொன்னதும் இன்னொண்ணு ஞாபகம் வருது. வேனை ஏற்பாடு பண்றது ஆம்பளைங்க. வீட்டை ஏற்பாடு பண்றது யாரு? கெளம்பறதுக்கு மூணு நாள் முன்னாடி இருந்து அந்தப் பொம்பளை தூங்கறதில்ல. புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, பருப்புப் பொடி, இட்லிப் பொடி. எல்லாருக்கும் துணி எடுத்து வைக்கணும், மாமியாருக்கு மாத்திரை பிரிச்சு வைக்கணும், ஃப்ரிட்ஜைத் தொடைக்கணும், அரிசி பருப்புல வண்டு விழாம கட்டணும், கோழியை அடைக்கணும், பூஜை ரூம்ல விளக்கு அணைஞ்சுதான்னு பார்க்கணும், அடுப்பு சிலிண்டர் வால்வை மூடணும். ஆம்பளை வேன் ஹாரனை அடிச்சுக்கிட்டே, "இன்னும் என்ன பண்றே, எல்லாரும் ஏறியாச்சு"ன்னு கத்துவாரு. வேன் ஓசூர் தாண்டினதும், "பின் கதவு பூட்டினியா?"ன்னு கேள்வி மட்டும் அவகிட்ட. ஏன் சாமி, பின் கதவு உங்களுக்கும்தானே இருக்குது?

ஆம்பளைங்க செய்ய வேண்டிய வேலை இல்லாமலா போச்சு? நிறைய இருக்குது. மோட்டார் ரூமுக்குப் போங்க. ஆட்டோ ஸ்டார்ட்டரை ஆட்டோவுலயே விட்டுட்டுப் போனா கரண்ட் வந்ததும் அதுபாட்டுக்கு ஓடும். கோடையில கிணத்துல தண்ணி கீழ போய் வெறும் ஓட்டம் ஓடினா காயில் கருகிடும். பார்க்கற ஆளு இருந்தாச் சொல்லிக் குடுங்க, இல்லைன்னா மெயினை இறக்கிடுங்க. சொட்டுநீர்க் குழாயில அணில் கடிச்ச இடத்தை முன்னாடியே அடைச்சு வைங்க. வாழை, மஞ்சளுக்கு எந்த நாள் எந்த வால்வு திருப்பணும்னு ஒரு நோட்டுல எழுதி மோட்டார் ரூம்ல தொங்க விடுங்க. தட்டுப்போருக்குப் பக்கத்துல காய்ஞ்ச செத்தையைக் கூட்டி எடுங்க, ஒரு பீடித் துண்டு போதும் எல்லாம் எரிய. வாசல்ல கிடக்கிற பழைய டயர், உடைஞ்ச குடம், தொட்டி, உரல் குழி எல்லாத்தையும் கவுத்து வைங்க. கோடை மழை ஒண்ணு பேஞ்சு தண்ணி நின்னா டெங்குக் கொசு வர ஒரு வாரம், பத்து நாள் போதும். நீங்க கங்கையில முழுகிட்டு இருக்கும்போது உங்க வாசல் கொசு பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கடிக்கும்.

பத்திரம், பட்டா, நகை இதையெல்லாம் அரிசி டிரம்முக்குள்ள வெச்சா யாருக்கும் தெரியாதுன்னு இன்னும் நம்பறவங்க இருக்காங்க. அந்த எடம் கள்ளனுக்கு நம்மளை விட நல்லாத் தெரியும். பேங்க் லாக்கருக்குப் போகுற நேரம் உங்களுக்கு இருக்குது. வீடு பூட்டியிருக்கும்னு போலீஸ் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தா ரோந்து வரும்போது ஒரு எட்டு பார்ப்பாங்க. போலீசே வருஷா வருஷம் இதைச் சொல்லிக்கிட்டுத்தான் இருக்காங்க. ஸ்டேஷன் படி ஏற நமக்குக் கூச்சம். ஆனா ஸ்டேட்டஸ் போடறதுக்கு மட்டும் கூச்சமே இல்ல. வேன் முன்னாடி நின்னு, குடும்பத்தோட கையாட்டி, "15 நாள் காசிப் பயணம் இனிதே ஆரம்பம்"னு போடறோம். வீடு காலின்னு ஊர் முழுக்கத் தண்டோரா போட்ட மாதிரி. போட்டோவைத் திரும்பி வந்து போட்டா கங்கை வத்திப் போயிடுமா?

பகல்லயும் எரியற வாசல் லைட்டைப் பத்தியும் சொல்லணும். வீட்டுல ஆள் இருக்கிற மாதிரி தெரியட்டும்னு லைட்டைப் போட்டுட்டுப் போறாங்க. மத்தியானம் 12 மணிக்கு எரியற லைட்டைப் பார்த்தா சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும், உள்ள ஆள் இல்லைன்னு. பொழுது விழுந்தா எரிஞ்சு விடிஞ்சா அணையற சென்சார் பல்பு எலக்ட்ரிக் கடையில கிடைக்குது. பெரிய விலை இல்ல.

இப்ப வேனுக்கு வர்றேன். இவ்வளவு கவனமா பார்த்துப் பார்த்துத் தயார் பண்ணின வேன்ல என்ன இருக்குதுன்னு பார்க்கலாம்.

பின் சீட்டுக்கு அடியில கேஸ் சிலிண்டர். வீட்டு உபயோக 14.2 கிலோ சிலிண்டர். வடக்க சப்பாத்திதான் கிடைக்கும், நமக்குச் சோறு வேணும், அதுக்குத்தான். 2023 ஆகஸ்ட் 26ஆம் தேதி மதுரை ரயில்வே ஸ்டேஷன்ல நின்ன சுற்றுலாப் பெட்டியில என்ன நடந்ததுங்கறதை அதுக்குள்ள மறந்துட்டோம். லக்னோவுல இருந்து கோயில் பார்க்க வந்த ஜனங்க. திருட்டுத்தனமா கொண்டு வந்த சிலிண்டர்ல விடிகாலையில அடுப்புப் பத்த வெச்சு, பெட்டி எரிஞ்சு 9 பேரு செத்தாங்க. அவங்களும் நம்மள மாதிரிதான். சாமி கும்பிட வந்தவங்க, நம்ம ஊருச் சாப்பாடு ஒத்துக்காதுன்னு அவங்க ஊருச் சாமானோட வந்தவங்க. அவங்க வடக்க இருந்து தெக்க வந்தாங்க, நாம தெக்க இருந்து வடக்க போறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

கேஸ் காத்தை விட கனம். கசிஞ்சா மேல போகாது, தரையிலேயே தங்கும். ஏசிக்காகக் கண்ணாடியெல்லாம் மூடின வேன்ல காலடியில கேஸ் தேங்கிக் கிடக்கும். பள்ளம் மேடுன்னு ரெண்டாயிரம் கிலோமீட்டர் ஆடி ஆடி வந்த ரெகுலேட்டர், ட்யூப் எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அவசர வழிக் கதவு எங்கன்னு கேட்டா அரிசி மூட்டைக்குப் பின்னாடி. தங்கற மடத்துலயும் சத்திரத்துலயும் சமையல்கட்டு கேட்டா தருவாங்க. காசியில கேதார் காட், அனுமான் காட் பக்கம் போனா தமிழ் பேசற ஜனங்க, நம்ம ஊருச் சாப்பாடு எல்லாம் இருக்குது, நகரத்தார் சத்திரம் இருக்குது. நடுவுல ரெண்டு மூணு நாள் சப்பாத்தி சாப்பிட்டா உசுரு போயிடாது. சிலிண்டரால போகும்.

டிரைவர் ஒருத்தர்தான். இன்னொரு டிரைவருக்குப் படி கட்டணுமாம், அதுக்குக் காசு இல்லியாம். ஸ்பீக்கருக்கு இருந்த காசு இதுக்கு இல்ல. வண்டி ஓட்டற தொழிலாளிக்குச் சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வேலை. நாம ராத்திரி ரெண்டு மணிக்கு அவருக்கு டீ வாங்கிக் குடுத்து, "அண்ணே, விடியறதுக்குள்ள நாக்பூர் போயிடலாமா?"ன்னு கேக்கறோம். டயர்ல நாலு நம்பர் போட்டிருக்கும், பார்த்திருக்கீங்களா? 2319னு இருந்தா 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். கலர் லைட்டு எத்தனைன்னு எண்ணத் தெரிஞ்ச நமக்கு இந்த நாலு நம்பரைப் படிக்கத் தெரியாதா? ஆல் இந்தியா பெர்மிட், இன்சூரன்ஸ், எஃப்சி மூணும் தேதி முடியாம இருக்குதான்னு அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி கேளுங்க. காட்ட மாட்டேன்னா அந்த வண்டி வேண்டாம்.

இவ்வளவும் சொன்னா, "இதெல்லாம் பார்த்தா மனுசன் எங்கயும் போக முடியாதுங்க. சாமி பார்த்துக்கும்"னு ஒரே வரியில முடிச்சுடுவாங்க. சாமி பார்த்துக்கும்னா முறுக்கையும் சாமியே சுட்டுக்கும்னு விட வேண்டியதுதானே? அதுக்கு மட்டும் ஏன் எட்டுக் கிலோ மாவு அரைச்சீங்க? உங்களுக்குப் புடிச்ச வேலையை நீங்க செய்வீங்க, புடிக்காத வேலையை சாமி செய்யணுமா?

போக முடியாதுன்னு நான் சொல்லல. எல்லாரும் போகணும்னுதான் சொல்றேன். இப்ப போறவங்களே திரும்பத் திரும்பப் போறாங்க, இருக்கறவங்க இருந்துக்கிட்டே இருக்காங்க. அதை மாத்த வழி இருக்குது, பெரிய கம்ப சூத்திரம் ஒண்ணும் இல்ல.

ஊரே ஒரே தேதியில போகாம ரெண்டு பிரிவாப் போங்க. முதல் வேன் போகும்போது ரெண்டாவது வேன்காரங்க மாடு பார்க்கட்டும். அவங்க போகும்போது நீங்க பாருங்க. கறக்கறவனுக்கே அந்தப் பால், அந்தக் காசு. இதை முதல் நாளே வாய்விட்டுச் சொல்லிடுங்க, அட்டையையும் குடுத்துடுங்க. கெளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே அவரைக் கூட்டிட்டு வந்து மாட்டோட பழக விடுங்க, உங்க முன்னாடியே கறக்கட்டும். எந்தத் தீவனம் எவ்வளவு, எந்தக் காட்டுச் சோளத்தைத் தொடக் கூடாது, மாட்டு வைத்தியர் நம்பர் என்னங்கறதை எழுதிக் குடுங்க. செலவுக்குக் கையில பணமும் குடுங்க. மாடு படுத்துக்கிட்டா அவன் பணத்துக்கு யார்கிட்டப் போய் நிப்பான்?

வீட்டு வேலையை ஆம்பளைங்களுக்கும் பொம்பளைங்களுக்கும் நடுவுல பிரிச்சு எழுதிக் கதவுல ஒட்டுங்க. பின் கதவு யாரு பொறுப்புன்னு அதுல தெளிவா இருக்கட்டும்.

அப்பத்தா வர்ற மாதிரி இருந்தா அவங்களுக்குத் தகுந்த மாசத்துல, அவங்களுக்குத் தகுந்த வேகத்துல போங்க. உண்மையிலேயே வர முடியாதுன்னா மக வீட்டுலயோ, ஊருக்குள்ள இருக்கிற சொந்தக்காரங்க வீட்டுலயோ கொண்டு போய் விட்டுட்டு வீட்டைப் பூட்டிட்டுப் போங்க. அதுவும் முடியலைன்னா ராத்திரிக்கு ரெண்டு பேரு கூடப் படுக்க ஏற்பாடு பண்ணுங்க, சம்பளம் குடுத்தாவது. வீட்டுல பொருள் போனா சம்பாரிச்சுக்கலாம். கிழவி போனா எந்தக் கங்கையில முழுகி என்ன பண்றது?

கயாவுக்குப் போனா நமக்குப் புடிச்ச காய் ஒண்ணு, பழம் ஒண்ணு விட்டுட்டு வரணும்பாங்க. பெரும்பாலும் எல்லாரும் எப்பவும் சாப்பிடாத காயா பார்த்துத்தான் விடறாங்க, அது எனக்கும் தெரியும். இந்தத் தடவ போறவங்க, வேன் ஏறறதுக்கு முன்னாடியே ஒண்ணை விட்டுட்டுப் போங்க. நம்ம சந்தோசத்துக்கு அடுத்தவங்களைக் காவல் வெச்சுட்டுப் போற இந்தப் பழக்கத்தை.

மூணாவது வேனுக்கு வர்ற ஞாயித்துக்கிழமை மாரியம்மன் கோயில் திண்ணையில கூட்டம் போடறாங்க. நான் அங்க போய் இதே மூணு கேள்வியைக் கேக்கப் போறேன். மாடு யாரு, மோட்டார் யாரு, அப்பத்தா கூட யாரு? பதில் சொல்ற வீட்டுக்காரங்க மாட்டை நானே வந்து கறக்கறேன், ஒரு கயிறு கூட வேண்டாம். சொல்லாதவங்க, நான் பேசினதுக்குக் கோவிச்சுக்கிட்டாலும் பரவால்லீங்க.